போடியாரின் ஜனாஸாவில் நான் குனிந்தது

மெய்யியல் கற்றவனைப் பற்றி எங்கள் கல்முனைப் பக்கத்தில் இரண்டே கேள்விகள்தாம் உண்டு. இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்பது முதலாவது. அதை முகத்துக்கு நேரே கேட்பார்கள். ஆள் தொழுகிறாரா என்பது இரண்டாவது. அதை மனைவியின் உறவினர்களிடம் கேட்பார்கள். முதலாவதற்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி என்ற விடையை எப்படியோ தேடிக்கொண்டேன். இரண்டாவதற்கு விடையளிப்பதிலேயே எஞ்சிய ஆயுள் கழிந்தது. ஐவேளையும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்றேன். என் தொப்பி ஒருநாளும் சரிந்ததில்லை. அப்படியிருந்தும், "பிலோசொபி படிச்ச மனிசன், உள்ளுக்க என்ன இரிக்கெண்டு ஆருக்குத் தெரியும்" என்ற பேச்சு சந்தைப் பக்கத்தில் ஓயவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குத்தான் ஓய்ந்துபோயிற்று.

எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயரின் கீழும் 'ஆய்வு ஆர்வம்' என்று ஒரு வரி இருக்கும். காலம் பற்றி ஆய்ந்தவர் ஒருநாளும் நேரத்துக்கு விரிவுரைக்கு வந்ததில்லை. மனிதனின் சுயவிருப்பம் பற்றி நூல் எழுதியவர், தேநீருக்குச் சீனி போடலாமா என்பதை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துத்தான் அறிந்துகொள்வார். அறவியல் அறிஞரிடம் என் குடை இன்னும் இருக்கிறது. என் பெயரின் கீழே 'மரணம், ஆன்மாவின் அழியாமை, மறுமை' என்றிருந்தது. மற்றவர்களுடைய ஆய்வு அவர்களைப் பழிவாங்குவதைப் பார்த்து நான் உள்ளூர நகைத்ததுண்டு. (என்னுடையது காத்திருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?)

ஊர் அந்த வரியைத் தன் வசதிக்கேற்பச் சுருக்கிக்கொண்டது. நான் 'மௌத்துல டொக்டர்', அதாவது மரணத்தில் கலாநிதி, ஆனேன். நாவிதன்வெளியில் வயல்கள் வைத்திருந்த ஆதம்பாவா போடியார், என் மனைவிக்கு மச்சான் முறையானவர், என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார்:

"சேர், மௌத்தப் பத்தி இவ்வளவு படிச்சிரிக்கீங்க. என்ட நாள் எப்பண்டு ஒருக்காச் செல்லேலாதா? அறுவடைக்கு முந்தியா, பிந்தியாண்டு தெரிஞ்சாக் காணும்."

அறுவடை முடிந்த மறுவாரம் போடியார் வபாத்தானார்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பின், இறுதித் தொழுகைக்காக அவரது ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு வந்தார்கள். உள்ளே இடம் போதாமல் முற்றமும் நிறைந்திருந்தது. கட்டாரிலிருந்து வந்து சேர்ந்திருந்த மகன் நௌஷாத், முன்னின்று தொழுவிக்கும் உரிமை தனக்கிருந்தும், நேராக என்னிடம் வந்தான்.

"சேர், வாப்பாக்கு நீங்கதான் தொழுவிக்கணும். மௌத்துலயே டொக்டர் பட்டம் எடுத்த ஆள் நம்மட ஊருல இரிக்கக்குள்ள வேற ஆரக் கேக்கிற?"

மறுத்திருக்க வேண்டும். ஆனால் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். இரண்டாவது கேள்வியைக் கேட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒரே தொழுகையில் ஊரின் வாயை அடைத்துவிடலாம். சம்மதித்தேன்.

ஜனாஸாத் தொழுகையில் ருகூஉக்குக் குனிவதும் இல்லை, நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதும் இல்லை. நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர்களோடு, அதாவது நான்கு முறை 'அல்லாஹு அக்பர்' சொல்வதோடு, அது நிறைவுறும். பள்ளிவாசலின் இமாமான மௌலவி, ஒதுங்கி எனக்கு இடம் விட்டவர், மெல்லக் கேட்டார்: "சேர், முறை ஞாபகம்தானே?"

"மௌலவி, இவ்விடயத்தில் நான் ஒரு நூலே எழுதியுள்ளேன்" என்றேன். (வீட்டிலும் நான் இப்படித்தான் கதைப்பதாக மனைவியின் முறைப்பாடு.) அந்த நூலில் ஆன்மா பற்றிப் பல அத்தியாயங்கள் உண்டு. தொழுகை முறை பற்றி ஒரு வரியும் இல்லை. எண்ணற்ற ஜனாஸாக்களில் பின்னால் நின்று தொழுதிருக்கிறேன். ஒருமுறையேனும் முன்னால் நின்றதில்லை.

முதல் தக்பீர் கட்டினேன். பாத்திஹாவை மௌனமாக ஓதினேன். அதை முடித்ததும், போடியாரின் ஆன்மா இப்போது இங்கே நின்று கேட்கிறதா என்ற, என் நான்காம் அத்தியாயத்தின் சிக்கல் மனதில் புகுந்தது. அதில் ஆழ்ந்தபடியே கம்பீரமாக "அல்லாஹு அக்பர்" என்றேன். என்றவன், குனிந்தேன்.

வழமையாகக் குனிந்தால் பாய் தெரியும். இம்முறை என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் போடியாரைக் கிடத்தியிருந்த சந்தூக்குப் பெட்டியின் மேல் விரித்த பச்சைத் துணி தெரிந்தது. பின்னால் முதல் வரிசையிலிருந்து "சுப்ஹானல்லாஹ்" என்று பல குரல்கள் எழுந்தன. தொழுவிப்பவர் தவறும்போது அதை உணர்த்தப் பின்னால் நிற்பவர்கள் சொல்லும் வார்த்தை அது. நானோ, என் ஓதலில் மக்கள் உருகிவிட்டார்கள் என்று ஒரு கணம் எண்ணினேன். மௌனமாக ஓதியதில் எப்படி உருகுவார்கள் என்று சிந்திக்கவில்லை. சிந்திப்பது என் தொழிலாயிருந்தும்.

பின்வரிசைகளில் பாதிப்பேர் என்னை நம்பிக் குனிந்துவிட்டார்கள். மற்றப் பாதிப்பேர் நின்றார்கள். அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்த யாரோ ஒருவர் சொன்னது அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது:

"சேர்ர கண்ணாடி உழுந்துட்டு போல."

அத்தோடு நிமிர்ந்து பேசாமல் இருந்திருந்தால் முதுகுவலி என்று சமாளித்திருக்கலாம். நான் ருகூஉவிலிருந்து எழும்போது சொல்லும் வாசகத்தையும் உரத்த குரலில் சொல்லி எழுந்தேன். சந்தேகத்துக்கு இருந்த கடைசி இடமும் ஒழிந்தது.

தோளில் மௌலவியின் கை விழுந்தது. "சேர், நான் பாக்கிறன்" என்றார். அவர் முன்னால் நின்று தொழுகையை முதலிலிருந்து தொடங்கினார். முதல் வரிசையில் என் இடம் அடைபட்டுவிட்டது. இரண்டாவதிலும் இடமில்லை, யாரும் நகரவும் இல்லை. வரிசை வரிசையாகப் பின்னால் நடந்து, செருப்புகள் கழற்றும் இடத்துக்கு அருகில் நின்று போடியாருக்காகத் தொழுதேன். அந்த நடையின் நீளத்தை நான் இன்னும் நடந்து முடிக்கவில்லை.

போடியாரை அடக்கிய மையவாடியில், ஒரு மரத்துக்கு அப்பால் இருவர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் நிற்பதை அவர்கள் காணவில்லை.

"நான் அப்பவே சென்னன்தானே. மனிசன் தொழுகைக்குப் புதுசு."

மற்றவர் எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. "விசர்க்கதை கதையாத" என்றார். "தொழாத ஆளெண்டா சும்மா நிண்டிரிப்பான். ஐவேளையும் குனிஞ்சு பழகின முதுகு, அல்லாஹு அக்பர் எண்டதும் தன்ட பாட்டில குனிஞ்சிட்டு. படிப்புத்தான் உதவல்ல, பாவம்."

நான் வாழ்நாளில் கேட்ட வாதங்களில் ஓட்டையே இல்லாதது அதுதான். இரண்டாவது கேள்விக்கு அன்று ஊர் விடை கண்டது, சேர் தொழுகிறவர். அதற்கு விலையாக என் கலாநிதிப் பட்டம் போடியாரோடு அடங்கியது.

வீட்டுக்கு நான் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. மனைவி சுலைஹா கேற்றடியில் நின்றாள்.

"குனிஞ்சீங்களாமே."

"ஒரு கணம்" என்றேன்.

"எழும்பக்குள்ள சத்தமாச் சென்னீங்களாமே."



ஆண்டுகள் சில ஆகிவிட்டன. இன்றும் நான் ஜனாஸாத் தொழுகைக்குப் போனால், பக்கத்தில் நிற்பவர் என் சட்டை நுனியை ஒருதரம் பார்த்துக்கொள்கிறார், தேவைப்பட்டால் பிடிப்பதற்கு. வீட்டில் விழுந்த பேனையை எடுக்கக் குனிந்தால், மகள் அடுத்த அறையிலிருந்து "சுப்ஹானல்லாஹ்" என்கிறாள். துறையின் இணையப் பக்கத்திலிருந்து அந்த வரியை நீக்கும்படி இருமுறை எழுதினேன். ஓய்வுபெற்றவர்களின் பக்கங்களைத் திருத்துவதில்லையாம்.

அண்மையில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, என் ஜனாஸாவை யார் தொழுவிக்க வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவைக்கலாமென்று சுலைஹாவை அழைத்தேன். முறை அறிந்த, நிதானமான, வீண் சிந்தனைகளில் ஆழாத ஒருவராக இருத்தல் வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் கஞ்சிக் கோப்பையை என் கையில் தந்தாள்.

"அதெல்லாம் ஆளிரிக்கி, நீங்க யோசியாதீங்க. நீங்க மட்டும் சந்தூக்குக்குள்ள குனியாமக் கெடங்க, காணும்."