மூப்பு வரிசைப்படி வைரஸ் தடுப்பு

தாம்பரம் வட்டாரத்தில் இதுவரை நடந்த அலுவலகக் கூட்டங்களில், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதே தீர்மானமாகவும் அமைந்துவிட்ட பெருமை ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் உண்டு. அது புறநகர்க் கைத்தொழிலாளர் நல மையத்தின் 'வைரஸ் தடுப்பு ஆலோசனைக் கூட்டம்'. ஆகவே அமர்ந்தோர் விவரத்தை முதலில் சொல்லிவிடுவதே முறை.

மேசையின் தலைப்பக்கம், முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய சுழல் நாற்காலியில் மேலாளர் சிட்டிபாபு. அவருக்கு வலப்பக்கம் கண்காணிப்பாளர் தினகரன். இடப்பக்கம் துணை மேலாளரின் நாற்காலி. அந்தப் பதவி மூன்று வருடமாகக் காலி. எனவே அதில் யாரும் உட்காரவில்லை, யாரையும் உட்கார விடவும் இல்லை. அடுத்து கணக்குப் பிரிவு பாலாம்பாள். மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த ஃபிரெடிக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல். மனு வாங்கும் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் அருள்மேரி கதவோரம் நின்றாள். ஆறு வருடமாக ஒப்பந்த ஊழியை. அடுத்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் கையெழுத்து மேலாளருடையது. இந்த நிலையில் நிற்பது ஒரு சிரமமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஐந்து. தலைமை அலுவலகம் அனுமதித்த ஆன்டிவைரஸ் உரிமமும் ஐந்து. சின்னப் பிள்ளைகூட ஒரு நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் அனுபவசாலிகள். ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள்.

முதல் உரிமம் மேலாளருக்கு. இரண்டாவதும் மேலாளருக்கு, அதாவது சேலையூரில் உள்ள அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. வீட்டிலும் அவருக்கு ஆபீஸ் நினைப்புதான் என்று தினகரன் எடுத்துரைத்தார். மூன்றாவது தினகரனுக்கு. அவருடைய கம்ப்யூட்டர் போன ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த பிறகு திறக்கப்படவில்லை என்பதால் மிகவும் நல்ல நிலையில் இருந்தது. நான்காவது, இனிமேல் வரப்போகும் துணை மேலாளருக்கு. ஐந்தாவது பாலாம்பாளுக்கு. அத்துடன் உரிமமும் தீர்ந்தது, நாற்காலியும் தீர்ந்தது.

ஃபிரெடி ஸ்டூலிலிருந்து எழுந்தான். "சார், எல்லாம் ஒரே ஒயர்ல கீது சார். ஒண்ணுல பூந்தா மத்ததுலயும் பூந்துடும். வெளி பென் டிரைவ் சொருவுறது கவுண்டர்லதான். மொதல்ல அதுக்குப் போடணும்."

"கவுண்டருக்குப் போட்டுட்டு அப்புறம் எனக்கா?" என்றார் சிட்டிபாபு. "சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி."

ஒரு நாளைக்கு முப்பது பென் டிரைவ் வருகிறது என்று அருள்மேரி கதவோரத்திலிருந்து மெல்லச் சொன்னாள். வாங்கும்போதே நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கும்படி தினகரன் அறிவுரை வழங்கினார். அதற்கென மஞ்சள் துணி ஒன்று வழங்கவும் தீர்மானம் ஆயிற்று.

அடுத்த பொருள், அப்டேட். தினமும் செய்ய வேண்டும், அரை மணி நேரம் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடும் என்றான் ஃபிரெடி. மக்கள் பணி பாதிக்கப்படுவதை மேலாளரால் பொறுக்க முடியவில்லை. வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு என்று உத்தரவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அலுவலகம் பல்லாவரம் சந்தையில் இருக்கும். பாலாம்பாள் ரோஜாச் செடி பார்ப்பார், தினகரன் பழைய வால்வு ரேடியோ பார்ப்பார். கம்ப்யூட்டர்கள் அணைந்து, உறை போர்த்தித் தூங்கும்.

"ஆன்ல இருந்தாதான் சார் அப்டேட் ஆவும்."

"ஆன்ல இருந்தா வேலை கெடும்னு நீதானேப்பா சொன்னே?" என்றார் தினகரன். ஃபிரெடி பையை எடுத்துக்கொண்டான். 'நூறு சதவீதப் பாதுகாப்பு எய்தப்பட்டது' என்று தலைமை அலுவலகத்துக்கு அன்றே அறிக்கை போயிற்று.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பம்மலில் தோல் பை தைக்கும் சேட்டு கவுண்டருக்கு வந்தார்.

"யக்கா, எம்பொண்ணு மார்க் ஷீட்டு இதுல கீது. ஸ்காலர்ஷிப் மனுவுக்கு நாளைக்குத்தான் கடைசி நாளாம். கொஞ்சம் ஏத்திடு யக்கா."

அருள்மேரி தீர்மானத்தின்படி துடைத்தாள், செருகினாள், ஏற்றினாள், ரசீது கொடுத்தாள். பதினொன்றரை மணிக்கு அவளுடைய திரை சிவப்பானது. பிறகு பாலாம்பாளுடையது. பிறகு மேலாளருடையது, எல்லா மனுக்களையும் சேர்த்து வைத்திருந்தது அதில்தான். ஆன்டிவைரஸ் அங்கே விழிப்போடுதான் இருந்தது. ஆனால் அதற்குத் தெரிந்தவை ஐந்து வாரத்துக்கு முந்தைய வைரஸ்கள். வந்ததோ போன வாரம் பிறந்தது. நானூற்றுப் பன்னிரண்டு உதவித்தொகை மனுக்களும் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன.

தினகரனின் கம்ப்யூட்டருக்கும் துணை மேலாளருடையதற்கும் ஒரு கீறலும் இல்லை. 'நாற்பது சதவீதக் கணினிகள் வெற்றிகரமாகக் காக்கப்பட்டன' என்று மேலாளர் அறிக்கை அனுப்பினார். மீதி அறுபது சதவீதத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் காலை அருள்மேரிக்கு மெமோ வந்தது. எழுதியவர் தினகரன். மாலையில் அவரே கவுண்டருக்கு வந்து, அந்த மெமோவுக்கான பதிலையும் நீட்டினார். நடை ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்த அலுவலகத்தில் இரண்டையும் ஒரே கைதான் எழுதும்.

"உனக்கு ஏம்மா சிரமம்? அப்படியே உன் கையெழுத்துல காப்பி பண்ணி ஹெட் ஆபீசுக்கு அனுப்பிடு. கான்ட்ராக்ட்டை சார் பாத்துக்குவார்."

முதல் பத்தி மேலாளரின் தொலைநோக்கைப் போற்றியது. இரண்டாவது, நேர்ந்தது தன் கவனக்குறைவே என்றது. மூன்றாவது பத்தி ஒரே வரி: மேற்படி மனுக்கள் உரிய காலத்தில் பெறப்படவில்லை.

"சார், வாங்கினது நான்தானே சார். நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் ரசீது குடுத்திருக்கேன்."

"பெறலைன்னு எழுதினா எல்லாருக்கும் நிம்மதிம்மா."

"அவங்களுக்கு?"

தினகரன் கேள்வியைக் குறித்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டுப் போனார்.

அருள்மேரி வெள்ளைத் தாள் எடுத்து, ஓரம் மடித்து, முதல் பத்தியை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினாள். அதன் கீழே தன் சொந்த நடைக்கு மாறினாள்:

'நானூற்றுப் பன்னிரண்டு மனுக்களையும் பெற்றவள் நான். ரசீது எண்கள் இணைப்பில் உள்ளன. இந்த அலுவலகத்தில் வைரஸ் அண்ட முடியாத கம்ப்யூட்டர்கள் இரண்டு. அவற்றை யாரும் திறப்பதில்லை. நானும் அந்த வழியைப் பின்பற்றியிருந்தால் ஐந்தும் தப்பியிருக்கும். எனவே, அலுவலக நேரத்தில் வேலை செய்த குற்றத்தை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.'

கையெழுத்திட்டு, தேதி போட்டு, உறையில் வைத்துப் பசை தடவி அழுத்தி ஒட்டினாள். தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் வரிசையில் நின்று அதைக் கொடுத்தாள். உள்ளே இருந்தவர் எடை போட்டு முத்திரை குத்தி, பைக்குள் போட்டார்.