எங்கள் வீடு இடது பக்கம் சாய்ந்த கதை

இந்தப் பாலைவனத்தை விட்டுக் கிளம்பியே தீருவது என்று ஜனவரி மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் பல் துலக்கும்போதுதான் எடுப்பது. அந்த நேரத்தில் ஆர்டிஸ் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்டிஸ் என் மனைவி. என் பெயர் வெர்ன். நெப்ராஸ்காவில் முப்பது வருஷத்துக்கு மேல் சரக்கு லாரி ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் இருந்த வீட்டை விற்றுவிட்டு ஒரு பழைய வீட்டு வண்டி வாங்கினோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. முன்னால் உட்கார்ந்தால் வண்டி, பின்னால் போனால் வீடு. நான் வண்டி வாங்கினேன். ஆர்டிஸ் வீடு வாங்கினாள். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குளிர்காலத்துக்கு அரிசோனா வந்தோம். குவார்ட்சைட் ஊருக்கு வெளியே ஒரு முகாம். எங்களைப் போல வண்டியும் வயசுமாகத் திரிகிறவர்கள் கூடுகிற இடம். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம், சாப்பாட்டு மேசைக்கு அடியில் என் வலது கால் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, மெக்ஸிகோ கடற்கரையில் இருக்கிற என் பழைய லாரிக்கார நண்பன் லைல் தினமும் போன் செய்தான். அங்கே மீன்கள் வரிசையில் நின்று தூண்டிலைக் கேட்கின்றனவாம்.

"ஆர்டிஸ், கடலுக்குப் போலாமா?"

"எப்போ?"

"நாளைக்கு."

"நாளைக்கு பிங்கோ."

"நாளன்னிக்கு?"

"நாளன்னிக்குப் பாட்டுக் குழு."

"அதுக்கு மறுநாள்?"

"மார்ச்."

முகாம் கூடத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு, சீட்டோடு காத்திருப்பவர்களுக்கு எண் கூப்பிடுகிற பதவி அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் வாயைத் திறந்தால் கூடமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறது. இத்தனை வருஷமாக நான் ஒற்றை ஆளாகச் செய்த வேலையை இப்போது ஒரு கூட்டமே பகிர்ந்துகொண்டது. எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

கேட்டு நடக்காததை வேறு வழியில்தான் நடத்த வேண்டும். யோசித்தேன். ஆர்டிஸ் தூசியைப் பொறுப்பாள், புழுதிக் காற்றைப் பொறுப்பாள், என் குறட்டையைப் பொறுத்திருக்கிறாள். சாய்வை மட்டும் பொறுக்க மாட்டாள். அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் கோணலாக இருந்தால், அதை நேராக்கிவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். வண்டியை எங்கே நிறுத்தினாலும் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, அதன் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கிற வரைக்கும் எனக்குக் காபி கிடையாது. வண்டியை மட்டமாக்குவது என் வேலை. என்னை மட்டம் தட்டுவது அவள் வேலை.

வண்டிக்கு அதற்கென்றே நாலு இரும்புக் கால்கள் உண்டு. மூலைக்கு ஒன்று. பொத்தானை அழுத்தினால் ஆயில் அழுத்தத்தில் இறங்கித் தரையில் ஊன்றி, வண்டியைத் தூக்கி நிறுத்தும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் மோட்டார், ஆயில் தொட்டி, காலுக்கு ஒன்றாக நாலு வால்வு. ஒவ்வொரு வால்வின் தலையிலும் ஒரு திருகாணி. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தக் காலின் பிடி விட்டு, அந்த மூலை மெதுவாக உட்கார்ந்துவிடும்.

ஆர்டிஸ் பாட்டுக் குழுவுக்குப் போன நேரம் பார்த்து, இடது பின்னங்காலின் திருகாணியைத் தளர்த்தினேன்.

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வெர்ன், இங்க வா."

வாணலியில் ஊற்றிய முட்டை முழுவதும் ஒரே ஓரத்துக்குப் போய் ஒதுங்கியிருந்தது.

"முட்டைக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"முட்டைக்கு ஒண்ணும் ஆகல. வீட்டுக்குத்தான் ஆயிருக்கு."

ரசமட்டம் வந்தது. குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணு," என்றேன், முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு. "பாலைவனத்து மண்ணை நம்பக் கூடாது. அப்படியே உள்வாங்கும். கெட்டியான தரையாப் பாத்துப் போயிடலாம்."

"எங்க இருக்கு கெட்டித் தரை?"

"கடற்கரை ஓரமா."

"மணல் கெட்டியா?"

"ஈரமா இருந்தா கெட்டிதான்."

அவள் கீழே இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"சக்கரம் இறங்கல. பக்கத்துல ஆர்வில் வண்டி இறங்கல. உன் வண்டியை மட்டும் தேடி வந்து உள்வாங்குதா மண்ணு? காலுதான் பழுது. சரி பண்ணு."

"அது இங்க முடியாதும்மா. யூமாவுல பட்டறைக்குத்தான் போகணும்." யூமா கடலுக்குப் போகிற வழியில் இருக்கிறது.

"ஆர்வில்," என்று கூப்பிட்டாள்.

ஆர்வில் எங்கள் பக்கத்து வண்டிக்காரர். பண்ணை இயந்திரங்கள் விற்று ஓய்வு பெற்றவர். 'பழுது' என்ற சொல் காதில் விழுந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார். அவர் நடந்து வருவதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். வேலை இல்லாத கிழவர்கள் நிறைந்த இடத்தில் ஒரு வண்டி சாய்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை. ஒருவர் ஆயில் கெட்டுவிட்டது என்றார். ஒருவர் ஸ்பிரிங் போய்விட்டது என்றார். இன்னொருவர் வண்டியை விற்றுவிடச் சொன்னார்.

"முதல்ல அந்தக் கதவைத் திறந்து பாப்போம்," என்றார் ஆர்வில்.

"நான் பாக்கறேன், நீங்கல்லாம் தள்ளி நில்லுங்க, ஆயில் தெறிக்கும்," என்று முந்திக்கொண்டு போய், முதுகால் மறைத்துக்கொண்டு திருகாணியை இறுக்கினேன். பொத்தானை அழுத்தினேன். வண்டி சமர்த்தாக எழுந்து நின்றது. குமிழி நடுவுக்கு வந்தது.

"ஒண்ணுமே இல்லையேப்பா," என்றார் ஆர்வில். விருந்துக்கு வந்தவரிடம் இன்னும் உலை வைக்கவில்லை என்று சொன்னது போலிருந்தது அவர் முகம்.

கொஞ்ச நாள் அடங்கியிருந்துவிட்டு வேறு யோசனை பண்ணலாம் என்றிருந்தேன். அதற்கு அவசியம் வரவில்லை. அடுத்த நாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது வண்டி வலது முன்பக்கம் சாய்ந்திருந்தது.

நான் தொடவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். நாலு திருகாணிகளும் இறுக்கமாகவே இருந்தன. பொய்யாகச் சொன்ன வியாதி நிஜமாகவே வந்துவிட்டது.

தூக்கி நிறுத்தினேன். அன்றைக்கு முழுவதும் நின்றது. மறுநாள் காலாற நடந்துவிட்டு வந்தால் இடது பின்பக்கம். அதற்கடுத்த நாள் வலது பின்பக்கம். ஒரே மூலையாக இருந்தாலாவது ஒரு காலைத்தான் சந்தேகப்படலாம். இது முறை வைத்துச் சாய்ந்தது.

"நீ சொன்ன மாதிரி யூமாவுக்குப் போயிடலாமா?" என்றாள் ஆர்டிஸ்.

"இந்தக் காலோட ரோட்டுல ஏற முடியாது. நடுவழியில தொங்கிடுச்சுன்னா தரையில இடிச்சு முறிஞ்சிடும்."

"அப்போ இங்கேயே சரி பண்ண வேண்டியதுதான். பாவம், உனக்குத்தான் வேலை."

ஆரம்பித்தேன். அடியில் கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டுப் பழைய ஆயிலை வடித்தேன். காய்ச்சிக் காய்ச்சி மறந்துபோன காபி மாதிரி கறுப்பாக வந்தது. தொட்டியைக் கழுவினேன். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தேன். தேய்ந்துபோன ரப்பர் வளையங்களுக்குப் பதிலாக ஊர்ச் சந்தையில் தேடிப்பிடித்துப் புதிதாகப் போட்டேன். பழைய வண்டி, தேடினால் பழுதுக்குப் பஞ்சமில்லை. வலது பின்னங்காலின் ஸ்பிரிங் துருவேறிப் பாதி செத்திருந்தது. மாற்றினேன். நாலு கால்களையும் தேய்த்து, ஆயில் தடவிப் பளபளப்பாக்கினேன். அடியில் படுத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று, ஆர்டிஸ் வண்டி வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த கிரீச்சிடும் படியையும் ஒழுகும் குழாயையும்கூடச் சரி பண்ணினேன். ஆர்வில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்பானரை நான் கேட்பதற்கு ஒன்று பெரிதாகவோ ஒன்று சின்னதாகவோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

லைல் போன் செய்தான். "இன்னும் கிளம்பலையா?"

"கால் சரியில்லடா."

"டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"நான்தான் டாக்டர்."

"அப்ப பிழைக்காது," என்று வைத்துவிட்டான்.

அரிப்பு எங்கே போனது என்று கேட்கிறீர்களா? போகவில்லை. இடம் மாறியிருந்தது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து ரசமட்டத்தைப் பார்ப்பேன். பேசும்போது ஒரு கண் குமிழி மேலேயே இருக்கும்.

"உக்காந்து சாப்பிடு, வெர்ன்."

"குமிழி நகருது."

"அது நகரல. நீதான் நகருற."

ஆர்டிஸ் நிம்மதியாகப் பிங்கோவுக்குப் போனாள், பாட்டுக்குப் போனாள். 'எப்போது கிளம்பலாம்' என்ற கேள்வி எங்கள் வீட்டில் காணாமல் போய்விட்டதை நான் கவனிக்கவே இல்லை.

எல்லா வேலையும் முடிந்த மறுநாள் காலை, வாங்கிய ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்க ஆர்வில் வண்டிக்குப் போனேன். காபி கொடுத்தார். குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக எங்கள் வண்டியைப் பெருமையோடு பார்த்தேன். புதுக் காலோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

ஆர்டிஸ் வெளியே வந்தாள். தோளில் பாத்திரம் துடைக்கிற துண்டு. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சின்னக் கதவைத் திறந்தாள். துண்டுக்குள்ளிருந்து என் சின்ன ஸ்பானரை எடுத்து, ஒரு திருகாணியைத் தளர்த்தினாள். பாட்டுக் குழுவில் கற்றுக்கொண்ட ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டியின் இடது பின்மூலை, பசுமாடு படுப்பது போல நிதானமாக உட்கார்ந்தது. திருகாணியைத் திரும்ப இறுக்கிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பாடா," என்றார் ஆர்வில் பின்னாலிருந்து. "நீயே பாத்துட்டே. எனக்கு வாய் அரிச்சிட்டே இருந்துச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். பிங்கோ இடைவேளையில ஆர்டிஸே மைக்கில சொன்னாங்களே."

காபியை வைத்துவிட்டு நடந்தேன். ஆர்டிஸ் படியில் நின்றிருந்தாள்.

"கையில என்ன?"

"உன் ஸ்பானர்."

"என்ன பண்ணிட்டிருந்தே?"

"நீ பண்ணினதைத்தான்."

"எப்போ தெரியும் உனக்கு?"

"முட்டை ஒதுங்கின அன்னிக்கே. நீங்கல்லாம் போனப்புறம் கதவைத் திறந்து பாத்தேன். நாலு திருகாணியில மூணு மேல தூசி. ஒண்ணு மட்டும் பளபளன்னு இருந்துச்சு."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா மறுபடி மண்ணு மேல பழி போடுவே."

"அதுக்காக இத்தனை நாள் என்னை அடியில படுக்க வச்சிட்டியே?"

அவள் துண்டை மடித்து வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள்.

"நீ சும்மா இருந்தா என்னைச் சும்மா இருக்க விடமாட்டே, வெர்ன். முப்பது வருஷம் நீ ஊர் ஊராப் போனே. நான் ஜன்னல்ல உக்காந்து உன் லாரி வருதான்னு பாத்துட்டிருந்தேன். இங்கதான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருக்காங்க. ஒரே ஒரு குளிர்காலம் கேட்டேன். உனக்குக் கால் அரிக்குது."

வாயில் பிரஷ் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாய்ந்த வண்டியின் சாய்ந்த படி. தானாகவே அவள் மேல் சாய்ந்தேன். நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் அரிப்புக்கு நியாயம் தெரியுமா?

"சரி," என்றேன். "நானும் சாய்ச்சேன், நீயும் சாய்ச்சே. கணக்கு நேராப் போச்சு. வண்டியும் புதுசு மாதிரி ஆயிடுச்சு. இப்பவாவது கிளம்பலாமே."

சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டாள்.

"சரி. நாளைக்குக் கிளம்பலாம்."

"பிங்கோ?"

"அதுக்கு ஒண்ணும் பாதகமில்ல."

"பாட்டுக் குழு?"

"அதுக்கும் இல்ல."

சந்தோஷமாக இருக்கிறவன் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவளே கோப்பைகளைத் துணியில் சுற்றி வைத்தாள், அலமாரிகளைத் தாழிட்டாள். நான் பொத்தானை அழுத்தினேன். நாலு கால்களும் ஒரு முனகல்கூட இல்லாமல் உள்ளே ஏறிக்கொண்டன. இப்படி ஒரு வேலையை இந்தப் பாலைவனத்தில் எவனும் செய்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினேன். நிஜ ஆக்ஸிலேட்டரில் கால் பட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"இடது பக்கம் திருப்பு," என்றாள் ஆர்டிஸ்.

"ரோடு வலது பக்கம்மா. இடது பக்கம் கூடம்தானே இருக்கு?"

"கூடத்துக்குப் பக்கத்து இடம் நேத்து காலியாச்சு. வந்த நாள்லருந்து கேட்டுட்டிருந்தேன். மேட்டு நிலம், ஒரே சரிவு. உங்க வண்டிக் காலு அதுல நிக்காதுன்னு முகாம்காரங்க குடுக்கல. இப்ப இந்த முகாம்லயே நல்ல காலு நம்மளதுதான்னு ஆர்வில் சொன்னதும் குடுத்துட்டாங்க. மெதுவாப் போ, கோப்பை உருளும்."

இடது பக்கம் திருப்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நடந்தே அங்கே வந்து நின்றிருந்த ஆர்வில், ஜன்னல் பக்கம் வந்து, "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டார்.