அக்காள் கல்லறைக்குச் சிமெண்டு வேண்டாம்

சேசு மரி சூசை துணை

கடலூர் ஓ.டி.
23-10-1966

சிதம்பரம் ரயிலடியில் சைக்கிள் கடை வைத்து நல்ல பேரோடு இருக்கும் என் அருமை மச்சான் மரியலூர்து அவர்களுக்கு, உங்கள் அக்காள் சவரியம்மாளின் புருஷன் சந்தியாகு ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் தங்கை புஷ்பமேரியும் சர்வேசுரன் கிருபையால் சுகம். அவ்விடம் நீங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபமாலையில் பத்து மணி உங்களுக்கென்று ஒதுக்கிச் சொல்லி வருகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் சுகமாயிருக்க வேண்டுமே என்று நேற்று இருபது மணி சொன்னேன்.

உங்கள் கார்டு புதன்கிழமை கிடைத்தது. தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்து சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கிவிட்டதாகவும், வருகிற கல்லறைத் திருநாளுக்கு நான்கு மூட்டை சிமெண்டோடும் ஒரு கொத்தனாரோடும் வந்து இறங்கி, அக்காள் கல்லறையை மேடை கட்டிப் பூசி, சிலுவை நிறுத்திவிட்டுத்தான் திரும்புவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "அக்கா மேல ஆடு மேயிதாம், கேக்கவே நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குது மாமா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரயிலில் மீன் கொண்டுவரும் தனக்கோடி, உங்கள் மாமா குடை பிடித்துக்கொண்டு மூன்று நாளாகக் கல்லறை மேலேயே உட்கார்ந்திருக்கிறார், புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னதாகவும் கடைசி வரியில் கண்டேன். குடை உண்மை. மூன்று நாளும் உண்மை. மற்றதை நீங்கள் முழுதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மச்சான், சிமெண்டு வேண்டாம். கொத்தனாரும் வேண்டாம். ஐந்து வருஷம் தவணை கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், இரும்புத்தாது ஏற்ற வந்த ஒரு கப்பலின் என்ஜினியர் பழக்கம். மெக்சிகோ தேசத்தார், நம் வேதக்காரர். அவருக்குப் பல்வலி வந்து துடித்தபோது கிராம்புத் தைலம் கொடுத்தது நான்தான். அந்த நன்றியை மறக்காமல் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். உங்கள் அக்காள் காலமானதை எழுதியிருந்தேன். ஆறுதல் சொல்லிப் பதில் எழுதி, கூடவே இருபத்துநான்கு கறுப்பு விதைகளும், வளர்க்கும் முறையை டைப் அடித்த ஒரு சீட்டும் அனுப்பியிருந்தார். யூக்கா என்று அந்தச் செடிக்குப் பெயராம். இலை வாள் மாதிரி நிற்குமாம், நடுவே ஆள் உயரத்துக்குத் தண்டு எழும்பி வெள்ளை வெள்ளையாக மணி போலப் பூக்குமாம். அவர் தாயார் கல்லறையில் அதுதான் நிற்கிறதாம். மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாதாம். அந்த ஒரு வார்த்தையில்தான் மச்சான், நான் விழுந்தேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. புஷ்பமேரிக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லப் போய், வேறு ஏதோ சின்னப் பாவத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உங்கள் அக்காள் மண்ணெண்ணெய் டின்னிலும் ஓட்டைக் குடத்திலும் எத்தனை செடி வைத்திருந்தாள் என்று பார்த்திருக்கிறீர்கள். தெருப் பம்பிலிருந்து முப்பது வருஷம் இடுப்பில் குடம் சுமந்து ஊற்றினாள். நான் ஒருநாள் ஒரு செம்பு ஊற்றியதில்லை. "மனுஷன் குளிக்கத் தண்ணி இல்ல, செடிக்கு ஊத்துறியா" என்று கத்தியிருக்கிறேன். போன வருஷம் சித்திரை வெயிலில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்பதுதான். ஊற்றினேன் என்று பத்து நாளும் சொன்னேன். ஒருநாளும் ஊற்றவில்லை. பதினோராம் நாள் அவளை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது, கருகி நின்ற டின்களுக்கு நடுவேதான் கொண்டுபோனோம். அழுதவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். அதனால்தான், என்னை நம்பாமல் தானே பிழைத்துக்கொள்ளும் ஒரு செடி அவள் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சீட்டில் சொன்னபடி எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தேன். விதையின் தோல் கெட்டி, ஆகையால் முதலில் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும் என்று இருந்தது. எவ்வளவு நேரம் என்று இல்லை. அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கம் இல்லாததால் முதல் ஐந்து விதையும் தூளாகிவிட்டன. மீதியை ஒருநாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வீட்டில் யார் கையும் படாத இடம் மாதா சுரூபத்தின் முன்தான் என்று யோசித்து, டம்ளரில் போட்டு அங்கே வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். புஷ்பமேரி வயிற்றுவலியோடு பூசை கண்டு வந்திருக்கிறாள். மாதா முன் டம்ளரைக் கண்டதும், அண்ணன் வேளாங்கண்ணித் தீர்த்தம் வரவழைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, சிலுவை போட்டுக்கொண்டு குடித்துவிட்டாள். "அடியில மொளகு மாதிரி கெடந்துச்சிண்ணே, மாதா மருந்துன்னு மென்னேன், நாலு உள்ள போனப்புறந்தான் கசந்துச்சி" என்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று சாயங்காலமே அவளுக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. மீதியை எங்கே ஒளித்தீர்கள் என்று இன்றுவரை கேட்கிறாள். எதிர்வீட்டுக்காரிக்கும் இரண்டு தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

மிஞ்சிய பதினைந்தையும் மோட்ச ராக்கினி திருநாள் அன்று, ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, உங்கள் அக்காள் தலைமாட்டில் விதைத்தேன். தண்ணீர் தேங்கக்கூடாது என்று ஒரு முழம் மண்ணை அள்ளிவிட்டு மணலும் செங்கல் பொடியும் கிளிஞ்சலும் கலந்து நிரப்பினேன். சுற்றி முள் வெட்டிப் போட்டேன். ஆடு மேய்ந்தது அதற்கு முந்தின கதை, தனக்கோடி பழைய சேதியைப் புதுச் சேதியாகக் கொண்டுவந்திருக்கிறாள். ஆகஸ்டு போயிற்று, செப்டம்பரும் போயிற்று, ஒன்றும் காணோம். இந்த மாதம் ஐந்தாம் தேதி நல்ல மழை. எட்டாம் தேதி போய்ப் பார்த்தால் பச்சைப் பசேலென்று பதினொரு முளை. மச்சான், வாய்விட்டு அழுதேன். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் பக்கிரி ஓடிவந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது புல்லுங்க" என்றார்.

நான் சீட்டை எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். 'முளைக்கும்போது புல்லைப் போலவே இருக்கும், புல் என்று எண்ணிப் பிடுங்கிவிட வேண்டாம்' என்று தெளிவாக இருக்கிறது. "புல்லு மாதிரி இருக்குதுன்னுதானே நீங்களும் சொல்றீங்க, அப்ப இதுதான்" என்றேன். அவர் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். "அப்ப அந்தாண்ட அந்தோணி வாத்தியார் கல்லறை மேல இருக்கறதும் மெக்சிகோதானுங்களா?" என்று கேட்டார். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தோட்டம் முழுதும் புல் செதுக்குவது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பக்கிரி ஒரு பக்கம் மண்வெட்டியோடு வருகிறார், மறுபக்கம் பக்தியுள்ள பெண்கள் தங்கள் கல்லறையை முடித்துவிட்டுப் பக்கத்துக் கல்லறைக்கும் புண்ணியமாகக் கை நீட்டுகிறார்கள். ஒருத்தி இரண்டு முளையை விரலில் சுற்றியேவிட்டாள். "அம்மா, வெளிநாட்டுச் செடிம்மா, வுடுங்கம்மா" என்று நான் போட்ட சத்தத்தில்தான் சேதி ஊரெல்லாம் பரவியது. பிறகுதான் குடையோடு காவல் உட்கார்ந்தேன். பங்குச் சாமியார் வந்து என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். நான் தடுக்கவில்லை, ஜெபம் எதற்கும் நல்லது.

ஆகையால் மச்சான், நீங்கள் மேடை கட்டினால் பதினொன்றும் அடியில் போய்விடும். எனக்கு அறுபத்தொன்று நடக்கிறது. இது பூக்க ஐந்து வருஷம் ஆகலாமாம். ஒரு பூவாவது பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் போய்ப் படுத்தால், அங்கே அவள் கேள்வி கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். கொத்தனாரை நிறுத்துங்கள். பர்மிட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டாருக்கு என் ஆசீர். பெரியவனுக்குக் கணக்கு வருவதற்கும் சின்னவளுக்கு இருமல் போவதற்கும் தேவமாதா துணை நிற்பாளாக. புஷ்பமேரி உங்கள் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காளை நல்லபடி வைத்துக்கொள்ளாத மாமா,
சந்தியாகு

பி.கு.: கவரை ஒட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, இன்று காலை தபாலில் போடுமுன் கல்லறைக்குப் போனேன். ஐந்து வருஷத்தில் பூக்க வேண்டியது இரண்டே வாரத்தில் பூத்திருந்தது. உங்கள் அக்காள் செய்த புதுமை என்று முழங்கால் போட்டு மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொன்னேன். எழுந்தபோது பக்கிரி, "ஐயா, வேட்டியப் பாருங்க" என்றார். வேட்டி முழுக்க ஒட்டுப்புல். பதினொன்றும் அதுதான். அவர் சிரிக்கவில்லை மச்சான். பக்கத்தில் உட்கார்ந்து வேட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார்.

அரைமணி நேரம் அங்கேயே இருந்தேன். தண்ணீர் கேட்காத செடி ஒன்றையும் அவள் ஆயுசில் வைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. சிமெண்டோடும் கொத்தனாரோடும் தவறாமல் வாருங்கள். மேடை வேண்டாம், கல்லறைத் தோட்டத்துப் பம்படியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவோம். வரும்போது அங்கே கிடைக்கும் செடியில் எது ஒருநாள் ஊற்றாவிட்டால் வாடுமோ அதைக் கேட்டு வாங்கி வாருங்கள். நீங்கள் வரும்வரை வெறும் மணலுக்கே ஊற்றிப் பழகுகிறேன். மெக்சிகோ விதை ஏதாவது அடியில் உயிரோடு இருந்தால் அழுகிப் போகும் என்று சீட்டு சொல்கிறது, போகட்டும். இன்று இரண்டு குடம் தூக்கினேன். பாதி வழியில் சிந்திவிட்டது, இடுப்பு வலி தாங்கவில்லை.