லாரி உச்சியில் ஒரு பீரோ

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. உன் நெஞ்சு, சர்க்கரை, கோபம் மூன்றும் டாக்டர் சொன்ன அளவுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும், நம் லாரி ஆபீசும், கூரை ஒழுகும் அந்த மூலையும் நலம். உன் போனை அண்ணி வாங்கிப் பூட்டி வைத்துவிட்டதால், நீ ஓய்வெடுக்கும் உன் மகள் வீட்டுப் பக்கம் வரும் இதே லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், அளவு நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி போட்டு லாரி மேல் ஏறினேன். நாற்பத்தைந்து வயதில், முதுகலை படித்த ஒரு பெண் விடியற்காலையில் ஏன் லாரி மேல் ஏறுகிறாள் என்று நீ கேட்பாய். எல்லாம் நீ வழிக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கும் அந்தப் பழைய நோட்டால் வந்த வினை. "இந்த ஒரு நடையை நீ போடுற பாதையில, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள, ஒரு அபராதச் சீட்டு இல்லாம சேத்துக் காட்டு, ஆபீஸ் உன்னோடது. இல்லேன்னா முதல் தேதி மாப்பிள்ளை வந்து உக்காருவாரு" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சொல்லிவிட்டுப் போனாய். பன்னிரண்டு வருஷமாக ரசீது எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூட பெஞ்சு ஏற்றிய இந்த வண்டிக்காக நான்கு நாள் உட்கார்ந்து பாதை போட்டேன். பக்கத்து மாநிலத்துப் பெர்மிட் எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்த ஊருக்குள் பகலில் லாரி நுழையக் கூடாது, எடை மேடை எங்கே, ஓட்டுநர் எங்கே வண்டியை ஓரங்கட்டித் தூங்க வேண்டும், எல்லாம் எழுதினேன். நடுவில் உன் மாப்பிள்ளை போன் செய்து, "அத்தை, எதுக்கு இவ்வளவு மண்டையை உடைச்சுக்கறீங்க? மேப்ல ஒரு குறுக்கு வழி காட்டுது, இருபது நிமிஷம் மிச்சம்" என்றார். "அது கார் போற வழி மாப்பிள்ளை. நம்ம லாரி அந்த முனையில திரும்பினா பின்பாதி முந்தின தெருவுலயே நிக்கும்" என்றேன். "பாத்துப் பாத்துத் திருப்பினா ஆச்சு" என்றார். அவருக்கு ஆபீஸ்!

சரி, நோட்டுக்கு வருகிறேன். எல்லையைத் தாண்டியதும் ஒரு ரயில் பாலம். அதற்குக் கீழே நான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயரம்வரைதான் போகலாம் என்று பலகை. பாரத்தோடு நம் வண்டி மூன்று எழுபத்தைந்து, தாராளம். ஆனால் உன் நோட்டில் அந்தப் பாலத்துக்கு நேரே, இருபது வருஷத்து மசியில், "இங்கே டயரில் காற்று இறக்கவும்" என்று எழுதியிருக்கிறது. தாராளமாகப் போகிற வண்டிக்கு ஏன் காற்றை இறக்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை. என் வாழ்க்கையில் இப்படிக் காரணம் தெரியாமல் நானே எத்தனை இடத்தில் காற்றை இறக்கிக்கொண்டு குனிந்து போயிருக்கிறேன் என்றெல்லாம் யோசனை ஓடியது. அதனால்தான் ஏறிப் பார்த்தேன்.

தார்ப்பாயைத் தூக்கினால், பெஞ்சுகளுக்கு மேலே, இரும்பு பீரோ ஒன்று மல்லாக்கப் படுத்திருக்கிறது. நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். கூட்டினால் நான்கு மீட்டர் இருபத்துமூன்று. டயரில் காற்றை இறக்கினால்தான் பாலத்துக்குக் கீழே நுழையும்.

"பொறுமை!" என்று கத்தினேன். யாரையோ சமாதானப்படுத்தவில்லை, நம் ஓட்டுநரைக் கூப்பிட்டேன். இல்லாததையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"என்ன இது?"

"அண்ணியோட பீரோக்கா. அவங்க தங்கச்சி வீட்டுக்கு. போன நடை கட்டில், அதுக்கு முந்தின நடை ஊஞ்சல். நம்ம வண்டி என்னைக்குக்கா வெறும் சரக்கோட போயிருக்கு?"

"இறக்குங்க."

"பீரோவை இறக்கலாம்க்கா. அண்ணி முகத்தை யார் தூக்குறது?"

அதற்குள் அண்ணியின் தங்கையே போனில் கூப்பிட்டுவிட்டார். "பீரோ கிளம்பிடுச்சா? துணியெல்லாம் மடிச்சுக் கட்டில் மேல அடுக்கிட்டோம். முந்தாநாள்லேருந்து நாங்க தரையிலதான் படுத்திருக்கோம்" என்கிறார். அந்தக் கட்டிலும் நம் லாரியில் போனதுதானே!

பீரோவோடு போவதென்றால் பாலத்தைத் தவிர்த்துச் சுற்ற வேண்டும், தொண்ணூறு கிலோமீட்டர் கூடுதல். சுற்றினால் ஓட்டுநர் ஒரு நாளில் ஓட்டக்கூடிய நேரம் முடிந்து நடுவழியில் தூங்க வேண்டும். தூங்கி எழுந்தால் ஊருக்குள் லாரி நுழையும் நேரம் போய்விடும். கணக்கை எப்படிப் போட்டாலும் வெள்ளிக்கிழமைதான் வருகிறது. காற்றை இறக்க எனக்கு மனம் வரவில்லை, அண்ணியோடு மல்லுக்கட்டத் தெம்பும் இல்லை. ஆகவே சுற்றுப்பாதையில் அனுப்புகிறேன். தோற்றுவிட்டேன் அண்ணா. முதல் தேதி மாப்பிள்ளையே வரட்டும். நாற்காலியைத் துடைத்து வைக்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பேரனுக்கு முத்தம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிட்டு, உப்பைக் குறைத்து, நீ நூறு வயது இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உன் உடம்பைப் பற்றிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடு. கடிதத்தை வாங்க வந்த பொறுமை, வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "சுத்துப் பாதை வேண்டாம்க்கா. எப்பவும்போல காத்தை இறக்கிட்டுப் போயிடறேன், நீங்க ஜெயிச்சுடுவீங்க. பாலம் தாண்டி பதினோரு கிலோமீட்டர்ல காத்து பிடிக்கிற கடை. அதுவரைக்கும் வண்டி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்."

"பயமா இருக்காதா?"

டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "இருபது வருஷத்துல யாரும் கேட்டதில்லைக்கா" என்றார்.

பீரோவை இறக்கிவிட்டோம். வண்டி காற்றை இறக்காமல் பாலத்து வழியாகவே போகும். அண்ணியிடம் நீயே சொல்லிவிடு. நெஞ்சு சரியில்லாதவனை அவர் ஒன்றும் செய்ய மாட்டார். இப்போது பீரோ ஆபீஸில் உன் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. என் பாதைக் கோப்புகளை உள்ளே அடுக்கி, பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை வந்தால் உட்கார எதிரே ஒரு ஸ்டூல் இருக்கிறது. வண்டி வியாழக்கிழமை வந்தாலும் வராவிட்டாலும் நான் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உறையை ஒட்டச் சொல்லி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் பொறுமையிடம்கூட.