குழாய்ப் பணத்தில் ஒரு பாலம்

டைப் அடிக்கும் கடைக்காரர் 'முடிவு' என்ற ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டார். பூமாலை அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கரியாலூருக்கு மேலே, மலைக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊராட்சிக்குப் பூமாலை தலைவர். குடிநீர்க் குழாய் போட வந்த பணத்தில் ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டிவிட்டார். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை, வெள்ளம் வடியும்வரை இக்கரையிலேயே உட்காரவைத்திருந்ததைப் பார்த்த பிறகு அவருக்குக் குழாய் ஞாபகமே வரவில்லை. யாரோ மனு போட்டார்கள். நிதியை முறைகேடாகச் செலவிட்டது ஏன் என்று நோட்டீஸ் வந்தது.

"நிதி முடிவ நான் தனியா எடுக்கலீங்க, மெம்பருங்க எல்லாரும் சேந்துதான் எடுத்தோம்" என்றுதான் பதில் டைப் அடிக்கப் போன கள்ளக்குறிச்சிக் கடையில் அவர் சொன்னார். காகிதத்தில் வேறு மாதிரி ஏறியிருந்தது: 'நிதியை நான் தனியாக எடுக்கவில்லை, உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்தே எடுத்தோம்.'

விசாரணை அதிகாரி ஊருக்கே வந்துவிட்டார்.

"எல்லாருமா எடுத்தீங்க?"

"ஆமாங்க. ஒருத்தர் பாக்கி இல்ல" என்றார் பூமாலை பெருமையாக.

அதிகாரி எழுதிக்கொண்ட வேகம் பூமாலைக்கு உறுத்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று ஊர்க்காரர்களைச் சாட்சிக்கு அழைத்தார்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுக் காசியம்மாள். "எங்க அண்ணன் கையில காசு தங்காதுங்க. வந்த அன்னிக்கே கரைச்சிடுவாரு. அவ்ளோ நல்ல மனசு."

அடுத்து வந்தவர் மரவள்ளி போடும் தெய்வசிகாமணி. "குழாயாங்க? நாங்க யாரும் கண்ணால பாத்ததே இல்ல. ஆனா அதுக்காக இவர ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க."

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டு, பாலத்தின் மேல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. குற்றம் நிரூபணமாகிவிட்டதாம், தலைவர் பதவி நீக்கமாம். துணைத் தலைவர் கண்ணகி பொறுப்பேற்றுக்கொண்டார்.

அன்று பூமாலை சாப்பிடவில்லை. பதவி போனதைவிட, திருடன் என்று எழுதிவிட்டார்களே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பதவி இல்லாவிட்டால் என்ன, ஊர் இருக்கிறதே. காலையில் தெய்வசிகாமணியின் கொல்லைக்குப் போய், மரவள்ளிக் குச்சியை எப்படிச் சாய்த்து நட வேண்டும் என்று காட்டினார். நட்டு முடித்திருந்ததைப் பிடுங்கியும் காட்டினார். மதியம் காசியம்மாள் வீட்டில் புளி கொட்டை எடுக்கும் முறையைத் திருத்தினார். சாயந்திரம் புருஷன் பெண்டாட்டி சண்டை எங்கே கேட்டாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். இத்தனை நாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஊரைக் கவனிக்காமல் விட்டோமே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஒருநாள் ஊரே அவர் வாசலில் வந்து நின்றது.

"கோர்ட்டுக்குப் போங்கண்ணா" என்றார் காசியம்மாள்.

"செலவு ஜாஸ்தி ஆகும்மா."

"அத நாங்க பாத்துக்கறோம்" என்றார் தெய்வசிகாமணி. அவர் ஏற்கெனவே ஓர் ஆட்டை விற்றுவிட்டிருந்தார். காசியம்மாள் புளி விற்ற பணத்தைக் கொண்டுவந்தார். கண்ணகிகூடத் தன் பங்கைக் கொடுத்தார். பூமாலைக்குக் கண் கலங்கிவிட்டது.

தியாகதுருகத்துக்காரரான வெற்றிவேல், சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல். எல்லாக் காகிதத்தையும் படித்துவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்.

"கோர்ட்டுல நீங்க வாயத் தொறக்கவே கூடாது. சாட்சி யாரும் வேணாம்."

விசாரணை அறிக்கையின் நகலைப் பூமாலைக்குக் கொடுக்கவில்லை, பதில் சொல்ல வாய்ப்பும் தரவில்லை என்பதுதான் வெற்றிவேலின் வாதம். நீதிபதி கேட்டுவிட்டு அரசு வக்கீல் பக்கம் திரும்பினார்.

"பாலம் இருக்கிறதா?"

"இருக்கிறது, மை லார்ட்."

"உறுதியானதா?"

"விசாரணை அதிகாரியின் ஜீப் அதில்தான் போய் வந்தது, மை லார்ட்."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உத்தரவு ரத்து. விசாரிக்க வேண்டுமானால் முறைப்படி மறுபடி விசாரிக்கலாம்; அதுவரை பூமாலையே தலைவர். ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொரு தலைப்பில் செலவிட்டது தவறாக இருக்கலாம். அவர் தனக்கென எடுத்ததாக ஒரு வரிகூட அறிக்கையில் இல்லை என்றும் தீர்ப்பில் எழுதினார்.

அந்த வரியை வெற்றிவேலைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார் பூமாலை.

ஊரில் பாலத்திலேயே மேளம் வைத்து நின்றிருந்தார்கள். மாலை போட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பெண்கள் குலவை விட்டார்கள். ஜெயித்தது அவரா ஊரா என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

கூட்டம் கலைந்தபின் தெய்வசிகாமணியின் மனைவி பாப்பாத்தி பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பூமாலை அவரிடம் போய் நின்றார்.

"இருந்த ஒரே கறவ ஆட்டையும் வித்துட்டீங்களாமே. எம் மேல இவ்ளோ பிரியமா பாப்பாத்தி?"

பாப்பாத்தி கழுவின கையைப் புடவையில் துடைத்தபடி சொன்னார்:

"பதவி இருந்தா நீங்க காலையில கள்ளக்குறிச்சி பஸ் ஏறினா பொழுது சாஞ்சிதானே வூடு திரும்புவீங்க, அந்த நிம்மதிக்கு ஒரு ஆடு கம்மிதாங்கண்ணா."