என் மச்சானும் இரண்டு பச்சைக் குழாய்களும்

என் கெப் வண்டியைக் கெடுத்தவன் என் மச்சான் தியாகு. இதை அவன் முகத்துக்கு நேரே பல தடவை சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுகிறான். அதனால் இப்போது எழுதி வைக்கிறேன். எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. (அவனுக்கு வரும். வெட்கம் கிடையாது.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் குண்டசாலையில் குடியிருந்தேன். கண்டியில் அரிசி, மா, பருப்பு, கருவாடு என்று வாங்கி, கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதுதான் தொழில். அதற்கு, முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சாமான் தட்டும் உள்ள பழைய டபுள் கெப் ஒன்று வைத்திருந்தேன். தோட்டத்து ரோட்டை ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மழை பெய்தால் மண் ஓடிவிடும், கல் மட்டும் நிற்கும். வண்டி ஒரு பக்கம் சரியும்போது கதவுக்குக் கீழே இருக்கிற தகடு பாறையில் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து இடது பக்கப் பின்கதவு ஒரு நாள் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களை ஜன்னல் வழியாகத்தான் இறக்கினேன்.

தியாகு என் மனைவியின் அண்ணன். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் யாரோ கொடுத்த பழைய வெளிநாட்டு மோட்டார் சஞ்சிகை ஒன்று அவனிடம் இருந்தது. அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

"மச்சான், இதுக்குப் பேரு ரொக் ஸ்லைடர். ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ நீட்டுக்குத் தடிச்ச குழாய். வண்டி கல்லுல உக்காந்தா பாரம் முழுக்க குழாய் மேல போகும். அப்பிடியே வழுக்கிக்கிட்டு எறங்கிரும். ஆஸ்திரேலியாவுல இது இல்லாம வண்டிய வெளிய எடுக்கமாட்டானுங்க."

"ஆஸ்திரேலியாக்காரன் தெல்தோட்டைக்குக் கருவாடு ஏத்திக்கிட்டுப் போறானா?"

கேட்டேனே தவிர, படத்தைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. அந்த வயதில் எனக்கு மூளை கம்மி, ஆசை அதிகம்.

கட்டுகஸ்தோட்டைப் பாதையில் நளீம் நானா என்று ஒரு வெல்டர் இருந்தார். அவரிடம் போனோம். மூன்று விதமான இரும்பைத் தூக்கிப் போட்டார். தண்ணீர்க் குழாய், சதுரப் பெட்டி இரும்பு, எங்கேயோ கழற்றிய தடித்த கறுப்புக் குழாய். தண்ணீர்க் குழாயைக் காலால் மிதித்துக் காட்டினார், வளைந்தது. சதுர இரும்பு கல்லில் மாட்டிக்கொள்ளும் என்றார், உருண்டை வழுக்கும் என்றார். நான் கறுப்புக் குழாயைத் தட்டிப் பார்த்தேன். கோயில் மணி மாதிரிச் சத்தம். அதுதான் வேண்டும் என்றேன். அதிலேயே இன்னும் தடிப்பாக இருந்தால் கொடுங்கள் என்றும் கேட்டேன்.

"இதுக்கு மேல தடிப்பெண்டா பீரங்கிதான் தம்பி" என்றார் நானா.

வண்டியின் அடிச்சட்டமான சேசியில் போல்ட் போட்டு மாட்டுவோம், தேவைப்பட்டால் கழற்றலாம் என்றார். சஞ்சிகையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றான் தியாகு. நான் கேட்கவில்லை. போல்ட் லூசாகும், வெல்டிங் தான் ஆம்பிளை வேலை என்றேன். குழாயின் இரண்டு முனையையும் தகடு வைத்து மூடி, வெல்டிங் தெரியாமல் தேய்த்துத் தரச் சொன்னேன்.

"அடியில சின்ன ஓட்டை ஒண்டு வைப்பமே. உள்ளுக்குத் தண்ணி நிண்டா துருப்புடிக்கும்."

"நல்ல குழாயில யாராவது ஓட்டை போடுவாங்களா நானா?"

 அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். குழாய் முனையை மூடுகிற நேரம் நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன். தியாகு நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றான். (நின்றான். பார்த்தான். இன்னொன்றும் செய்தான்.)

பெயின்ட் என் சொந்த வேலை. நானா துருவைத் தேய்க்கச் சொன்னார், தின்னரால் துடைக்கச் சொன்னார், முதலில் சிவப்பு ஒக்சைட் அடித்துக் காயவிடச் சொன்னார். எனக்கு அவசரம். பச்சைப் பெயின்டில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து நேரடியாக இரண்டு கோட் அடித்தேன். ஏன் பச்சை என்றால், ஆமி ஜீப் மாதிரி முறுக்காக இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில், கண்டியில், ஒரு தமிழன், தன் வண்டிக்கு ஆமிப் பச்சை அடித்தான். அடித்துவிட்டுத் தள்ளி நின்று ரசித்தான். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு நீங்களே நடந்து போய்ச் சரணடைஞ்சிரலாம்" என்றாள். அவள் பேச்சையும் நான் கேட்கவில்லை.

மழைக்காலம். மூன்று நாளாகியும் பெயின்ட் காயவில்லை.

நான்காம் நாள் மங்கைக்கு நேர்முகப் பரீட்சை. மங்கை என் கொழுந்தியாள், தியாகுவின் கடைசித் தங்கை. தெல்தோட்டையில் அம்மாவோடு இருந்தாள். கணக்கு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவள். வயது எல்லை அந்த வருஷத்தோடு முடிந்தது. காலை ஒன்பது மணிக்குக் கண்டியில் ஒரு பாடசாலையில் இருக்க வேண்டும். தவறினால் அவ்வளவுதான், அடுத்த தடவை என்று ஒன்று இல்லை.

பஸ்ஸில் போகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். நான் விடவில்லை. "பஸ்ல போனா ஆமிக்காரனுங்க எறக்கி, வரிசையில நிப்பாட்டி, பேக்கைக் கொட்டிப் பாப்பானுங்க. நம்ம வண்டியில ராஜாத்தி மாதிரி போய் எறங்கு" என்றேன்.

தெல்தோட்டையில் இருந்து விடியற்காலையிலேயே அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். தோட்டத்து ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்து, பாறை ஒன்று பாதி ரோட்டுக்கு வந்து கிடந்தது. ஓரமாக ஏற்றினேன். வண்டி சரிந்தது. அந்தப் பக்கத்துக் குழாய் பாறையில் உட்கார்ந்தது, ஒரு சத்தம் போட்டது, வழுக்கிக்கொண்டு இறங்கியது. கதவுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன் அத்தான். என் சேலையையும் பாருங்க."

ஏறும்போது குழாயில் கால் வைத்து ஏறியிருக்கிறாள். வெள்ளைச் சேலையின் கரை முழுக்கப் பச்சை.

"தூரத்துல பாத்தா டிசைன் மாதிரித்தான் இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அந்த அமைதியில்தான் ஒரு சத்தம் கேட்டது. வண்டி குலுங்கும்போதெல்லாம் காலடியில் சலசல என்றது. ஸ்பிரிங் பட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

பேராதனைக்குக் கிட்ட சோதனைச் சாவடி. சிப்பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். குழாயிடம் நின்றான். தொட்டான். விரலில் பச்சை. தன் சட்டைக் கையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டான்.

சிங்களம் சொன்னால் எனக்கு விளங்கும், பேசத்தான் வராது. தெரிந்ததில் பாறை, குழாய், வழுக்கு என்று மூன்று சொல் சொன்னேன். உள்ளே என்ன என்றான்.

"முகுத் நே, சேர்." ஒன்றுமே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

அவன் வண்டியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினான்.

சலசல.

அந்தக் காலத்தில் எங்கள் வண்டிகளில் மூடிய பொருள் என்று ஒன்று இருக்க முடியாது. சோற்றுப் பார்சலையே பிரித்துக் காட்டியிருக்கிறோம். நானோ ஆள் நீளக் குழாய் இரண்டை இரண்டு முனையிலும் வெல்டிங் வைத்து மூடி, தேய்த்து, ஆமிப் பச்சை அடித்து, ஒன்றுமில்லை என்று சத்தியமும் செய்திருக்கிறேன். உள்ளே ஏதோ ஓடுகிறது. நொடியில் சிப்பாய்கள் ஆளுக்கு ஒரு திசையில் ஓடினார்கள். எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு போய் மண்மூட்டைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். ரோட்டை மறித்தார்கள். பொறுப்பதிகாரி வந்தார். சின்ன வயது, தூக்கமில்லாத கண்.

அப்போதுதான் மங்கை வாயைத் திறந்தாள். "அத்தான், அதுக்குள்ள நவதானியம் இருக்கு."

"என்னாது?"

"வீட்டுக்கு நெலை வைக்கும்போது போடுவோம்ல. வண்டிக்கும் இது நெலை மாதிரிதானேன்னு அம்மா அண்ணன்கிட்ட முடிச்சுப் போட்டுக் குடுத்துச்சு. அண்ணன் போட்டுட்டதாச் சொன்னிச்சு."

என் வண்டியின் குழாய்க்குள் இருப்பது என் மாமியாருக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், கொழுந்தியாளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

மங்கை நல்ல சிங்களத்தில் அதிகாரியிடம் எல்லாம் சொன்னாள். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. தியாகுவின் கந்தோர் நம்பரைக் கேட்டு வாங்கி, பக்கத்துக் கடையில் இருந்து போன் எடுத்தார். உன் தங்கையும் அவள் அத்தானும் இங்கே நிற்கிறார்கள், இந்தக் குழாய்க்குள் என்ன போட்டாய் என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு வந்தார்.

"குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். அப்படிப்பட்ட ஆட்களையும் தெரியாதாம்."

"எங்க அண்ணனா சொன்னிச்சு?" என்று மங்கை தமிழில் கேட்டாள், யாரையும் பார்க்காமல். அப்போது ரோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. "அது நான் வழக்கமாப் போற பஸ்" என்றாள்.

அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, அவள் பேக்கையும் நேர்முகக் கடிதத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார். மணி அப்போதே ஒன்பதரை. என்னை விடவில்லை. எதிர் கராஜிலிருந்து கையால் சுற்றுகிற டிரில் ஒன்று வந்தது. கொண்டுவந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு ஓட்டம் பிடித்தான்.

"உன் குழாய். நீயே துளை."

படுத்துக்கொண்டு சுற்றினேன். தடித்த குழாய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். சுற்றச் சுற்ற இறங்கவில்லை. ஈரப் பெயின்ட் நூல் நூலாக டிரில்லில் சுற்றியது, மூஞ்சியில் விழுந்தது. இதில் இன்னொரு வேதனை. தியாகு தெரியாது என்று சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமியார் கொடுத்தது தானியம். அவன் போட்டது என்ன?

டிரில் உள்ளே விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நெற்றியில் ஏதோ பட்டது. ஒரு பச்சைப் பயறு.

பிறகு எள்ளு, கொள்ளு, கடலை என்று கொட்டியது. வெல்டிங் சூட்டில் பாதி வறுபட்டு நல்ல வாசம் வேறு. சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து குனிந்து பார்த்தார்கள். அதிகாரி ஒரு கடலையை எடுத்து முகர்ந்தார். தங்கள் ஊரிலும் வீடு கட்டும்போது அடியில் ஏதேதோ வைப்பார்கள் என்றார். பிறகு சிரிக்காமல் கேட்டார்: "உன் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாதா?"

"தெரியாது, சேர்."

"சரி. அடுத்த பக்கம்."

நான் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மங்கை வெளியே வாங்குப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டதாம், கடைசியில் நேரம் இருந்தால் பார்ப்போம் என்று உட்கார வைத்திருந்தார்களாம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாம இருங்க அத்தான். உங்க மூஞ்சி பச்சையா இருக்கு" என்றாள்.

ஒரு வழியாகக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் பெரிய சிரிப்புச் சத்தம். முடிந்தது என்று நினைத்தேன். வெளியே வந்து சொன்னாள்: சேலைக் கரையில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள், இவள் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். ஒன்பது தானியத்தின் பெயரையும் சொல்லச் சொன்னார்களாம். கணக்கில் ஒரேயொரு கேள்விதானாம்.

நியமனக் கடிதம் வந்தது. கலஹாவுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். அந்த ரோட்டில் ஏறக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வருஷக்கணக்கில் ஓட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை. நளீம் நானா மட்டும் குழாயின் அடியைப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஓட்டை சரியா ஈக்கிது" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் சரஸ்வதி பூசைக்குச் சுண்டல் பரிமாறினால், "இது சட்டியில இருந்தா, குழாயில இருந்தா?" என்று யாராவது கேட்பார்கள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. நான் பொறுத்துக்கொள்கிறேன். பொறுக்க முடியாதது தியாகு. அவனும் ஒவ்வொரு விசேஷத்திலும் கதை சொல்கிறான். தான் போட்ட நவதானியத்தால்தான் தங்கைக்கு வேலை கிடைத்ததாம். போன் விஷயம் அவன் கதையில் வருவதே இல்லை. அந்த நேரத்தில் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். பயப்படாதவன் யார்? ஆனால் நான் சொல்லியிருந்தால் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டிருப்பேன். மங்கை இத்தனை வருஷத்தில் அவனிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளுக்காகத்தான் நான் கேட்கிறேன்.

அடுத்த மாதம் அவள் ஓய்வு பெறுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை. அழைப்பிதழில் வாழ்த்துரை என்று உன் பெயர் இருக்கிறது, தியாகு. பேசு. ஆனால் முதலில் மைக்கைப் பிடித்து, பிள்ளைகள், பெற்றோர், டீச்சர்மார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இதற்குப் பதில் சொல்லு: உன் தங்கச்சி ரோட்டோரம் நிற்கிறாள் என்று தெரிந்தே, அப்படிப்பட்ட ஆட்களைத் தெரியாது என்று சொன்னாயா, இல்லையா?