மாப்பிள்ளையின் வண்டியும் என் வரிசை எண்களும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மோட்டார் சைக்கிளின் சௌக்கியத்தைப் பற்றிப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

மூன்று மாதப் பயிற்சிக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓடவிடுங்க மாமா, அது போதும்" என்றீர்கள். கல்யாணமாகி நான்கு வருஷமாக, மரியாதை மரியாதை என்று என்னை ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த விடாதவர் நீங்கள். அப்படிப்பட்டவர் என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அது போதும்" என்றது மட்டும் காதில் ஏறவில்லை. லிட்டருக்கு அறுபது கொடுக்கிற வண்டியை எண்பது கொடுக்க வைத்து உங்களை அசத்திவிடுவது என்று முடிவு கட்டினேன். புது பிளக் வாங்கினேன், மெத்தென்று சீட் கவர் வாங்கினேன், பெரிய கண்ணாடி இரண்டு மாட்டினேன். அவற்றில் என் முகம் நன்றாகத் தெரிகிறது. பின்னால் வருகிற லாரிதான் தெரியவில்லை.

முதல் வாரம் உதைத்தபோது வண்டி கிளம்பியது, கொஞ்ச நேரம் ஓடியது, இருமியது, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உதைத்து உதைத்து என் கால் வீங்கியதுதான் மிச்சம். "பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள் உங்கள் அத்தை. முப்பத்திநான்கு வருஷம் ரெக்கார்டு செக்‌ஷனில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு மெக்கானிக்கா என்று ரோஷம் வந்துவிட்டது. கார்புரேட்டரில்தான் அடைப்பு என்று நானே தீர்ப்பு எழுதி, கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, ஆபீஸ் முறைப்படி வேலையை ஆரம்பித்தேன். கழற்றுகிற ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு வரிசை எண், தேதி, கையெழுத்து. ஒன்றாம் எண் சீட், இரண்டாம் எண் டேங்க், இப்படியே போய் நாற்பத்தொன்று, கார்புரேட்டரின் வயிற்றுக்குள் இருந்த கடுகளவு திருகாணி. ஒரு கவர்கூடக் கலையவில்லை மாப்பிள்ளை, அதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

துடைத்துத் திரும்ப மாட்டும்போதுதான் வினை வந்தது. முதலில் வந்த தபால் முதலில் போக வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். அதனால் ஒன்றாம் எண்ணை முதலில் மாட்டினேன், பிறகு இரண்டு, பிறகு மூன்று. சீட்டும் டேங்கும் கம்பீரமாக உட்கார்ந்த பிறகு பார்த்தால் கார்புரேட்டரை உள்ளே விட வழியே இல்லை. அரை நாள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். உங்கள் அத்தை காபியோடு வந்து பார்த்துவிட்டு, "ஷூவை மாட்டிட்டு அப்புறமா சாக்ஸ் போடுவீங்களா? கடைசியா கழட்டினதைத்தாங்க முதல்ல மாட்டணும்" என்றாள். அவள் ஒருநாளும் ஆபீஸுக்குப் போனதில்லை, அதனால் அவளுக்கு இது தெரிந்திருக்கிறது.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, நாற்பத்தொன்றிலிருந்து பின்னோக்கி மாட்டினேன். பதினேழாம் எண் மட்டும் மிஞ்சிவிட்டது. கவரின் மேல் "என்னவென்று தெரியவில்லை, பிறகு பார்க்கவும்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று நான் எழுதவில்லை. வண்டி இன்னும் கிளம்பவில்லை. மாடி வீட்டுக்காரர் இறங்கிப் போகும்போதெல்லாம், "என்ன சார், பழைய இரும்புக் கடை எப்போ திறக்கறீங்க?" என்கிறார்.

திங்கட்கிழமை நீங்கள் வருகிறீர்கள். செவ்வாய்க்கிழமை இதில் ஏறித்தான் வேலைக்குப் போக வேண்டும். நீங்கள் நாலு வார்த்தை திட்டினால் தாங்கிக்கொள்வேன். ஆனால் நீங்கள் திட்ட மாட்டீர்கள். "பரவாயில்லை மாமா" என்று சிரித்துவிட்டு, அதன் பிறகு எந்தச் சாவியையும் என் கையில் கொடுக்காமலே இருந்துவிடுவீர்கள். அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் மெக்கானிக்கை இன்று மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறேன். இனி எந்த இயந்திரத்தின் மேலும் கை வைக்க மாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

நீங்கள் இருவரும் சகல நலமும் பெற்று, முடிந்தவரை பஸ்ஸிலேயே பயணம் செய்து, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கிரீஸ் கையோடு,
மாமா

பி.கு.: மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. மெக்கானிக் அன்றைக்கே வந்துவிட்டுப் போய்விட்டார். பையைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து டேங்குக்கு அடியில் பெட்ரோல் வால்வைத் திருப்பினார், ஒரு உதை, பதினேழாம் எண் இல்லாமலே வண்டி கிளம்பிவிட்டது. "யாரு சார் இதை மூடி வெச்சது?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஊருக்குப் போன அன்றே, சமையல் கேஸை மூடுவது போல, பாதுகாப்புக்காக மூடிவிட்டு மறந்துபோனவன் நான்தான். ஆக, வண்டிக்கு எந்த நாளும் எந்த வியாதியும் இருந்ததில்லை. இது நடந்தபோது உங்கள் அத்தை கடைக்குப் போயிருந்தாள். கார்புரேட்டரைச் சரிசெய்து நானே கிளப்பிவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு நாளாக வீட்டில் எனக்கு நல்ல மரியாதை. வந்ததும் அவள் காதில் விழும்படி, "கஷ்டமான வேலை மாமா, எப்படிச் செஞ்சீங்க?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.